ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினருக்கான வதிவிட உரிமை

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினருக்கான வதிவிட உரிமை என்பது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனோ குடிமகளோ மற்றோர் உறுப்பு நாட்டிற்குச் சென்று வாழும்போது, அவருடைய வெளிநாட்டுக் குடும்பத்தினர் அவருடன் அந்நாட்டில் வாழவும் பணிபுரியவும் பெற்றுள்ள சட்ட உரிமை ஆகும். இங்கு வெளிநாட்டவர் என்பது ஒன்றியத்தைச் சேராத நாடொன்றின் குடியுரிமை உடையவரைக் குறிக்கும். சட்ட வழக்கில் இவர்கள் மூன்றாம் நாட்டவர் எனப்படுகின்றனர். இவ்வுரிமையை வரையறுப்பது 2004 ஆம் ஆண்டின் 38 ஆம் நெறியாணை ஆகும்.

பொதுவாக, ஒரு நாடு வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி வழங்கும்போது அது அந்நாட்டின் விருப்பத்தைப் பொறுத்தது. இங்கோ நிலை வேறு. நெறியாணையின் வரையறைக்குள் வரும் குடும்ப உறுப்பினருக்கு உரிமை சட்டத்தினாலேயே கிடைத்துவிடுகிறது. அரசு வழங்கும் அட்டை அவ்வுரிமைக்குச் சான்று மட்டுமே. எனினும் இவ்வுரிமை தன் சொந்த நாட்டிலேயே வாழும் குடிமகனின் குடும்பத்திற்குப் பொருந்தாது.

வரலாறு

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1957 இல் உரோம் உடன்படிக்கையால் நிறுவப்பட்டபோது, தொழிலாளர்கள் உறுப்பு நாடுகளுக்கிடையே தடையின்றிச் சென்று பணிபுரிவது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. குடும்பத்தைப் பிரிய நேருமானால் எவரும் வேறு நாட்டிற்குச் செல்லத் தயங்குவர். எனவே, 1968 ஆம் ஆண்டின் 1612 ஆம் ஒழுங்குவிதி, தொழிலாளியின் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், அவரைச் சார்ந்துள்ள பெற்றோர் ஆகியோர் எந்நாட்டவராயினும் அவருடன் குடியேறலாம் என்று வகுத்தது.

1992 இல் கையெழுத்தாகி 1993 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாசுடிரிக்ட் உடன்படிக்கை, ஒன்றியக் குடியுரிமை என்னும் கருத்தை உருவாக்கியது. அதன்பின் இடம்பெயரும் உரிமை தொழிலாளர்க்கு மட்டும் உரியதாக இல்லாமல் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதாயிற்று. அதுவரை பல சட்டங்களில் சிதறிக் கிடந்த விதிகளை 2004 ஏப்ரல் 29 அன்று இயற்றப்பட்ட 2004/38 நெறியாணை ஒருங்கிணைத்தது. நெறியாணை என்பது அடைய வேண்டிய இலக்கை ஒன்றியம் வரையறுக்க, ஒவ்வொரு நாடும் அதனைத் தன் சட்டமாக இயற்றிக்கொள்ளும் முறையாகும். இதற்கான கெடு 2006 ஏப்ரல் 30 இல் முடிந்தது.

பொருந்தும் நாடுகள்

ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளிலும் இந்நெறியாணை பொருந்தும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்பாட்டின்படி நோர்வே, ஐசுலாந்து, லீக்கின்சுடைன் ஆகிய நாடுகளும் இதனை ஏற்றுள்ளன. சுவிட்சர்லாந்து ஒன்றியத்துடன் செய்துகொண்ட தனி உடன்பாடு 2002 சூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகள் இதனை ஒத்தவை, ஆனால் முற்றிலும் ஒன்றல்ல.

குடும்ப உறுப்பினர்கள்

நெறியாணை குடும்பத்தினரை இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையினருக்கு உடன் வாழும் உரிமை நேரடியாகவே உண்டு. அவர்கள்:

- கணவன் அல்லது மனைவி
- பதிவு செய்யப்பட்ட இணையர் (ஏற்கும் நாடு அத்தகைய பதிவைத் திருமணத்திற்கு இணையாகக் கருதினால்)
- குடிமகனின் அல்லது அவர் துணையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் (21 வயதிற்கு உட்பட்டோர், அல்லது எவ்வயதினராயினும் சார்ந்து வாழ்வோர்)
- குடிமகனையோ அவர் துணையையோ சார்ந்து வாழும் பெற்றோர், பாட்டன் பாட்டி ஆகியோர்

துணையின் பெற்றோரும், துணையின் முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் இவ்வகையில் அடங்குவர். ஆயினும் குடிமகன் மாணவராக வாழ்பவராயின் பெற்றோருக்கு இந்நேரடி உரிமை இல்லை.

இரண்டாம் வகையில், தாய்நாட்டில் குடிமகனைச் சார்ந்தோ அவருடன் ஒரே வீட்டிலோ வாழ்ந்த பிற உறவினர், கடும் நோயினால் அவருடைய நேரடிப் பராமரிப்பு தேவைப்படுவோர், நிலைத்த உறவில் உள்ள மணமாகாத இணையர் ஆகியோர் அடங்குவர். இவர்களுக்கு நேரடி உரிமை இல்லை. ஆனால் அவர்களின் வரவை நாடுகள் எளிதாக்க வேண்டும். ஒவ்வொருவரின் சூழ்நிலையையும் முழுமையாக ஆராய்ந்து, மறுத்தால் காரணம் கூற வேண்டும். அயர்லாந்துக் குடிமகள் ஒருவரின் வங்கதேசக் கணவருடைய உடன்பிறந்தோர் தொடர்பான ரகுமான் வழக்கில் (2012) இக்கடமையின் அளவை நீதிமன்றம் விளக்கியது.

சார்ந்து வாழ்தல்

பெற்றோர் பற்றிய விண்ணப்பங்களில் பெரும்பாலும் சிக்கலாவது இக்கருத்தே. சியா வழக்கில் (2007) நீதிமன்றம், தாய்நாட்டில் இருக்கும்போதே அடிப்படைத் தேவைகளுக்குப் பொருளுதவி தேவைப்படும் நிலையே சார்ந்து வாழ்தல் எனக் கூறியது. இனி நான் காப்பாற்றுவேன் என்று மகன் எழுதித் தரும் உறுதிமொழி மட்டும் போதாமற் போகலாம். மாதந்தோறும் பணம் அனுப்பிய வங்கிச் சான்றுகள் போன்றவை இதனால் முதன்மை பெறுகின்றன. அதே வேளையில், ஏன் சார்ந்துள்ளார் என்னும் காரணத்தை ஆராய வேண்டியதில்லை. இருபத்தொரு வயது கடந்த பிள்ளை வேலை தேடிப் பார்த்ததாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை என ரேயசு வழக்கில் (2014) தீர்ப்பாயிற்று.

நுழைவு

குடும்ப உறுப்பினருக்குச் செல்லத்தக்க கடவுச்சீட்டு தேவை. இந்தியா, இலங்கை முதலிய நாட்டினருக்கு நுழைவு விசாவும் தேவை. இவ்விசா கட்டணமின்றி, விரைவு முறையில் வழங்கப்பட வேண்டும் என்று நெறியாணையின் 5 ஆம் பிரிவு கூறுகிறது. சுற்றுலாப் பயணியிடம் கேட்கப்படும் விடுதி முன்பதிவு, பணி நிலை போன்ற சான்றுகளை இவரிடம் கேட்பதற்கில்லை. மெய்ப்பிக்க வேண்டியவை மூன்று: குடிமகனின் குடியுரிமை, அவருடனான உறவு, அவருடன் செல்வது அல்லது அவரிடம் சென்று சேர்வது.

விசா இல்லாமல் எல்லைக்கு வந்துவிட்டாலும், தன் அடையாளத்தையும் திருமணத்தையும் மெய்ப்பிக்க முடிந்த துணையைத் திருப்பி அனுப்புவது அளவு மீறிய செயல் என எம்ராக்சு வழக்கில் (2002) நீதிமன்றம் கூறியது. எனினும் விமான நிறுவனங்கள் விசா இல்லாதவரை ஏற்றிச்செல்ல மறுப்பதால், தொலைவிலிருந்து வருவோருக்கு இத்தீர்ப்பின் பயன் குறைவே.

முதல் மூன்று மாதங்களுக்கு வேறு நிபந்தனை எதுவுமில்லை. அதற்கு மேல் தங்க, குடிமகன் பின்வருவனவற்றுள் ஒன்றை நிறைவு செய்ய வேண்டும்:

- பணியாளராகவோ சுயதொழில் செய்பவராகவோ இருத்தல்
- போதிய வருவாயும் முழுமையான மருத்துவக் காப்பீடும் உடையவராக இருத்தல்
- மருத்துவக் காப்பீடும் வாழ்வதற்கான பொருளும் உடைய மாணவராக இருத்தல்

வெளிநாட்டுத் துணையின் உரிமை குடிமகனின் உரிமையிலிருந்து கிளைப்பது. ஆகவே குடிமகன் இந்நிபந்தனைகளை இழந்தால் துணையின் உரிமையும் ஆட்டம் காணும்.

வதிவிட அட்டை

மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் குடும்ப உறுப்பினர் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு அலுவலகமும் படிவமும் வேறுபடும். அயர்லாந்தில் ஈயூ1 என்னும் படிவமும், ஸ்பெயினில் ஈஎக்ஸ்-19 என்னும் படிவமும் பயன்படுகின்றன. ஜெர்மனியில் வாழும் நகரின் அல்லது மாவட்டத்தின் வெளிநாட்டவர் அலுவலகம் இதனைக் கவனிக்கிறது.

கேட்கத்தக்க ஆவணங்களை நெறியாணையே வரையறுக்கிறது:

1. செல்லத்தக்க கடவுச்சீட்டு
2. திருமணச் சான்று, பிறப்புச் சான்று போன்ற உறவுச் சான்று
3. குடிமகனின் பதிவுச் சான்று, அல்லது அவர் அந்நாட்டில் வாழ்வதற்கான பிற சான்று
4. சார்ந்து வாழ்வோராயின் அதற்கான சான்று
5. இரண்டாம் வகை உறவினராயின், தாய்நாட்டு அதிகாரியின் சான்றோ நிலைத்த உறவுக்கான சான்றோ

விண்ணப்பம் பெற்றவுடன் அதற்கான ஒப்புகைச் சான்று வழங்கப்பட வேண்டும். அட்டை ஆறு மாதங்களுக்குள் வழங்கப்பட வேண்டும். கட்டணம், அந்நாட்டுக் குடிமக்கள் ஒத்த ஆவணத்திற்குச் செலுத்துவதை விட மிகலாகாது. அட்டை ஐந்து ஆண்டுகள் செல்லும். குடிமகன் தங்கவிருக்கும் காலம் அதனிலும் குறைவாயின் அக்காலம் வரை செல்லும். ஆண்டுக்கு ஆறு மாதம் வரை வெளியே இருப்பது அட்டையைப் பாதிக்காது. மகப்பேறு, கடும் நோய், கல்வி போன்ற காரணங்களுக்காக ஒருமுறை தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வரை வெளியே இருக்கலாம்.

அட்டை உரிமையை உருவாக்குவதில்லை, உறுதிப்படுத்துகிறது என்பது 25 ஆம் பிரிவின் சாரமாகும். எனவே அட்டை வரும் முன்பே முதல் வகைக் குடும்ப உறுப்பினர் பணியில் சேரலாம். தனியாகப் பணி அனுமதி பெறத் தேவையில்லை. நடைமுறையில், கையில் அட்டை இல்லாதவரைப் பணியமர்த்த முதலாளிகள் தயங்குகின்றனர். வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஆகியவற்றிலும் இதே தடை நேர்கிறது. ஒப்புகைச் சான்று முதன்மை பெறுவது இதனால்தான்.

அட்டை பெறுவதால் ஒருவரின் குடியுரிமை மாறுவதில்லை. இந்தியக் குடிமகள் இந்தியக் கடவுச்சீட்டுடனேயே தொடர்வார். அட்டை வைத்திருப்பவர் குடிமகனுடன் பிற உறுப்பு நாடுகளுக்குப் பயணம் செய்கையில் தனி விசா தேவையில்லை.

உறவு முறிந்தால்

கிளை உரிமையாதலால், குடிமகன் இறந்தாலோ மணமுறிவு நேர்ந்தாலோ என்னவாகும் என்னும் வினா எழுகிறது. 1968 ஆம் ஆண்டு விதிகளை விட 2004 நெறியாணை இதில் கூடுதல் காப்பு அளிக்கிறது.

குடிமகன் இறந்தால், அதற்கு முன் குறைந்தது ஓராண்டு ஏற்கும் நாட்டில் குடும்ப உறுப்பினராக வாழ்ந்தவரின் உரிமை தொடரும். மணமுறிவாயின், வழக்குத் தொடங்கும் முன் மணவாழ்வு மூன்று ஆண்டுகள் நீடித்து, அவற்றுள் ஓராண்டேனும் ஏற்கும் நாட்டில் கழிந்திருந்தால் உரிமை தொடரும். பிள்ளையின் பொறுப்பு இவரிடம் வந்தாலோ, பிள்ளையை அந்நாட்டிலேயே காண வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டாலோ, குடும்ப வன்முறை போன்ற கடும் சூழ்நிலை இருந்தாலோ மூன்றாண்டு நிபந்தனை இல்லாமலும் உரிமை தொடரலாம். ஆயினும் நிரந்தர வதிவிடம் பெறும் வரை, இவர்கள் தம் சொந்த உழைப்பாலோ வருவாயாலோ வாழ்வதைக் காட்ட வேண்டும்.

மணமுறிவுக்கு முன் வெறுமனே பிரிந்து வாழ்வது உரிமையைப் பறிப்பதில்லை. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று சட்டம் கூறவில்லை எனத் தியாத்தா வழக்கில் (1985) தீர்ப்பாயிற்று. ஆனால் நிகழ்வுகளின் வரிசை முக்கியமானது. மணமுறிவு வழக்குத் தொடங்கும் முன்பே குடிமகன் அந்நாட்டை விட்டு வெளியேறிவிட்டால் துணையின் உரிமை அப்போதே முடிந்துவிடும் எனச் சிங் மற்றும் பிறர் வழக்கில் (2015) நீதிமன்றம் கூறியது. இதனால் கைவிடப்பட்ட துணை, தன் தவறு ஏதுமின்றி உரிமையை இழக்க நேர்ந்தது. குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கு மட்டும் 2021 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இதனைத் தளர்த்தியது. குடிமகன் வெளியேறிய பின், நியாயமான காலத்திற்குள் மணமுறிவு வழக்குத் தொடங்கினாலும் அவர்கள் உரிமையைக் காத்துக்கொள்ளலாம்.

நிரந்தர வதிவிடம்

குடிமகனுடன் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கிறது. அதன்பின் வருவாய், காப்பீடு ஆகிய நிபந்தனைகள் இல்லை. குடிமகனைச் சார்ந்திருக்கவும் தேவையில்லை. இதற்கான அட்டை பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் அந்நாட்டை விட்டு வெளியே இருந்தால் மட்டுமே, நாட்டில் இல்லாத காரணத்தால் இவ்வுரிமை இழக்கப்படும்.

மறுப்பும் மேல்முறையீடும்

பொது ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்று காரணங்களால் உரிமையைக் கட்டுப்படுத்தலாம். முன்னர் பெற்ற குற்றத் தண்டனை மட்டும் போதாது. அந்நபரின் நடத்தை, சமூகத்தின் அடிப்படை நலனுக்கு உண்மையான, நிகழ்கால, கடுமையான அச்சுறுத்தலாக இருக்க வேண்டும். போலித் திருமணம் போன்ற முறைகேடுகளுக்காகவும் உரிமையை மறுக்கலாம். மறுப்பு எழுத்து வடிவில், காரணங்களுடன் தரப்பட வேண்டும். நீதிமன்றத்தை அணுக வழி இருக்க வேண்டும். அவசர நிலை தவிர, வெளியேறக் குறைந்தது ஒரு மாதக் கால அவகாசம் தர வேண்டும்.

முன்பு சட்டப்படி வேறு உறுப்பு நாட்டில் வாழ்ந்திருந்தால்தான் இவ்வுரிமை உண்டு என்று அக்ரிச் வழக்கில் (2003) நீதிமன்றம் கூறியிருந்தது. அயர்லாந்து இதனைத் தன் சட்டத்தில் நிபந்தனையாக்கியது. அங்கு புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்ட பின், பிற ஒன்றிய நாட்டவரை மணந்த சிலர் தொடுத்த மெட்டோக் வழக்கில் (2008) நீதிமன்றம் தன் முந்தைய நிலையைக் கைவிட்டது. திருமணம் எங்கு, எப்போது நடந்தது, துணை எவ்வாறு அந்நாட்டிற்குள் வந்தார் என்பவை பொருட்டல்ல எனத் தீர்ப்பாயிற்று.

2018 ஆம் ஆண்டின் கோமன் வழக்கில், ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி மணந்துகொண்ட ஒருபாலினத் துணையையும் வதிவிட உரிமைக்காகத் துணையாக ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. ஒருபாலினத் திருமணத்தை ஏற்காத ருமேனியாவைச் சார்ந்தது அவ்வழக்கு.

தலைகீழ் பாகுபாடு

இவ்வுரிமை எல்லை கடந்து செல்லும் குடிமகனுக்கே உரியது. தன் நாட்டிலேயே வாழும் குடிமகனின் துணைக்கு அந்நாட்டின் உள்நாட்டுச் சட்டமே பொருந்தும். பல நாடுகளில் அது கடுமையானது. இதனால் ஒரு நாட்டில் குடியேறிய அயல்நாட்டுக் குடிமகனுக்கு, அந்நாட்டின் சொந்தக் குடிமகனை விட எளிதான விதிகள் கிடைக்கின்றன. இதுவே தலைகீழ் பாகுபாடு எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஜெர்மானியரை மணந்த இந்தியர் ஜெர்மனியில் குடியேற, 2007 முதல் பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். சென்னையில் மாக்சு முல்லர் பவன் எனப்படும் கோத்தே நிறுவனத்தில் பலர் இதற்காகவே மொழி பயில்கின்றனர். ஆனால் பெர்லினில் பணிபுரியும் பிரெஞ்சுக் குடிமகனின் இந்திய மனைவிக்கு இத்தேர்வு தேவையில்லை.

டென்மார்க் 2002 இல், கணவன் மனைவி இருவரும் 24 வயதை அடைந்திருக்க வேண்டும் என்னும் விதியைக் கொண்டுவந்தது. இதனை நிறைவு செய்ய இயலாத டேனியர் பலர், 2000 இல் திறக்கப்பட்ட ஒரேசுண்டு பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோ நகரில் துணையுடன் குடியேறி, அங்கிருந்து நாள்தோறும் கோபனேகனுக்கு வேலைக்குச் சென்று வந்தனர்.

இவ்வாறு சென்றவர் தாய்நாடு திரும்பினால் என்னவாகும் என்பதற்கு விடையளித்தது சுரிந்தர் சிங் வழக்கு (1992). இந்தியரான அவர் பிரித்தானியப் பெண்ணை மணந்தவர். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் பணிபுரிந்து, பின் பிரித்தானியா திரும்பினர். திரும்பி வரும்போது துணையை உடன் அழைத்துவர முடியாதெனில் குடிமகன் வெளிநாடு செல்லவே தயங்குவார். ஆகவே திரும்பும் குடிமகனின் துணைக்கும் ஒன்றியச் சட்ட உரிமை உண்டு என நீதிமன்றம் கூறியது. பின்னர், வெளிநாட்டில் மூன்று மாதங்களுக்கு மேல் உண்மையாக வாழ்ந்து குடும்ப வாழ்வை அமைத்திருக்க வேண்டும் என 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வரையறுத்தது. வார இறுதிப் பயணங்கள் போதா.

சில நாடுகள் இப்பாகுபாட்டைத் தாமே குறைத்துள்ளன. இத்தாலி 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விதிகளைத் தன் குடிமக்களின் குடும்பத்தினருக்கும் விரிவாக்கியது.

இடம்பெயராத குடிமகனுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பெல்சியக் குடியுரிமை பெற்ற குழந்தைகளின் கொலம்பியப் பெற்றோர் தொடர்பான சம்பிரானோ வழக்கில் (2011), பெற்றோரை வெளியேற்றினால் குழந்தையும் ஒன்றியத்தை விட்டே வெளியேற நேருமாயின், பெற்றோருக்கு வதிவிட உரிமை உண்டு எனத் தீர்ப்பாயிற்று.

ஐக்கிய இராச்சியத்தின் விலகல்

ஐக்கிய இராச்சியம் 2020 சனவரி 31 அன்று ஒன்றியத்திலிருந்து விலகியது. இடைமாற்றுக் காலம் 2020 டிசம்பர் 31 இல் முடிந்தபோது இவ்விதிகள் அங்கு பொருந்துவது நின்றது. அதற்கு முன் குடியேறியிருந்தோரின் உரிமையை விலகல் உடன்பாடு காக்கிறது. பிரித்தானியக் குடிமகனின் துணைக்கு இப்போது உள்நாட்டு விதிகளே பொருந்தும். அவற்றின்படி தேவையான ஆண்டு வருமானம் 2012 இல் 18,600 பவுண்டாக வகுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

தமிழர் தொடர்பு

1962 ஆகத்து 16 அன்று பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் அவர்தம் வழியினரும் இன்று ஒன்றியக் குடிமக்கள் ஆவர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் மணந்த துணையைப் பாரிசுக்கு அழைத்தால் பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும். ஆம்சுடர்டாமில் பணிபுரிந்துகொண்டு அங்கு அழைத்தால் இந்நெறியாணை பொருந்தும். 1983 க்குப் பின் ஏதிலிகளாகச் சென்று, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளின் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழருக்கும் இது பொருந்தும். அவர்களுள் பலர் 2020 வரை இதே இடம்பெயர்வு உரிமையைக் கொண்டு குடும்பத்துடன் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தனர்.

இந்தியக் குடியுரிமையுடன் ஐரோப்பாவில் பணிபுரியும் பொறியாளர் முதலியோரின் குடும்பத்திற்கு இந்நெறியாணை பொருந்தாது. அவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 86 ஆம் நெறியாணையும் அந்தந்த நாட்டுச் சட்டங்களுமே பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு உறவுச் சான்றே முதல் தேவை. கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்தின் அழைப்பிதழும் ஒளிப்படங்களும் திருமணச் சான்றுக்கு ஈடாகா. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சமயத்தவரின் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளது. அப்பதிவுச் சான்றில் உள்ள பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ள பெயர்களுடன் ஒத்திருக்க வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கில், ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும் மற்றோர் ஆவணத்தில் தந்தையின் முழுப்பெயரும் இருப்பது இயல்பு. குடும்பப் பெயர் முறைக்குப் பழகிய ஐரோப்பிய அலுவலகங்களில் இது ஐயத்திற்கு இடமளிப்பதால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்வது காலத் தாழ்வைத் தவிர்க்கும்.